பெஞ்சமின் என்ற பெண்

டாஸ்மேனியப் புலியைப் பற்றி எதைப் படித்தாலும் ‘பெஞ்சமின்’ என்ற பெயர் வந்துவிடும். அந்த இனத்தின் கடைசி உயிருக்கு அதுதான் பெயராம். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாத் தீவின் தலைநகரம் ஹோபார்ட். அங்கே போமாரிஸ் விலங்குக் காட்சிசாலையின் கூண்டில், 1936 செப்டம்பர் 7 அன்று அது செத்தது. ஒரு இனமே அன்று முடிந்தது.

2022 டிசம்பரில் அந்தக் கடைசி விலங்கின் தோலும் எலும்புகளும் எவை என்று உறுதிசெய்து அறிவித்தார்கள். அது ஆண் அல்ல. வயதான ஒரு பெண் விலங்கு.

பிறகு பெஞ்சமின் எங்கிருந்து வந்தான்? 1968இல் ஃபிராங்க் டார்பி என்பவர், தான் அந்தக் காட்சிசாலையில் பராமரிப்பாளராக வேலை பார்த்ததாகவும் கடைசிப் புலியைப் பெஞ்சமின் என்று அழைத்ததாகவும் சொன்னார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அந்தக் காட்சிசாலையில் உண்மையிலேயே வேலை பார்த்த ஒரு பெண் அப்போது உயிரோடு இருந்தார். அவர் பெயர் அலிசன் ரீட். டார்பி என்று ஒருவர் அங்கே வேலை பார்க்கவில்லை, பெஞ்சமின் என்ற பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை என்று அவர் மறுத்தார். மறுப்பு எடுபடவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு பெண்ணின் சாட்சியம் தள்ளப்பட்டது, ஒரு பெண் விலங்குக்கு ஆண் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒரே கதையில் நடந்திருக்கின்றன. வரலாறு படிக்கும் பெண்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

அது என்ன விலங்கு?

பெயரில் புலி இருந்தாலும் அது புலி இல்லை. முதுகின் பின்பாதியில் வரிகள் இருந்ததால் குடியேறிய வெள்ளையர்கள் புலி என்றார்கள். சிலர் கழுதைப்புலி என்றார்கள், சிலர் ஓநாய் என்றார்கள். 1808இல் அதை அறிவியலுக்கு விவரித்தவர் ஜார்ஜ் ஹாரிஸ். அவர் வைத்த பெயருக்கு ‘நாய்த்தலை கொண்டது’ என்று பொருள். அறிவியல் உலகம் இன்று தைலசீன் என்கிறது. டாஸ்மேனியப் பூர்வகுடி மக்கள் மீட்டெடுத்திருக்கும் பலாவா கானி மொழியில் அது கபருனினா.

அது கங்காருவின் உறவு. வயிற்றில் பை உள்ள பாலூட்டி. நாயின் வம்சமும் இதன் வம்சமும் பிரிந்து ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் இரண்டின் மண்டையோட்டையும் பக்கத்தில் வைத்தால் உயிரியல் மாணவர்களே குழம்புவார்கள். 

எங்கள் ஊர் விருத்தாசலத்தில் இதை விளக்குவது எளிது. இங்கே செராமிக் பட்டறைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிக்குழம்பை ஊற்றி பொம்மை எடுப்பார்கள். ஒரே அச்சில் நெய்வேலி வெள்ளைக்களிமண்ணை ஊற்றினாலும் வேறு ஊர் மண்ணை ஊற்றினாலும் வெளியே வருவது அதே நாய்ப்பொம்மைதான். மண் வேறு, உருவம் ஒன்று. துரத்தியோ பதுங்கியோ இரை பிடித்துத் தின்னும் வாழ்க்கை ஒரு அச்சு மாதிரி. வெவ்வேறு வம்சங்களை அது ஒரே மாதிரி வார்த்துவிடுகிறது. 

கூர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். தைலசீனின் வால் நாய்வால் போல ஆடாது. அடியில் தடித்து, கங்காருவின் வால் போல விறைப்பாக நீண்டிருக்கும். வாயை நம்ப முடியாத அளவு அகலமாகப் பிளக்கும். பெண்ணின் வயிற்றுப்பை பின்பக்கமாகத் திறந்திருக்கும். உள்ளே நான்கு காம்புகள். குட்டிகள் மிகச் சிறியவையாகப் பிறந்து, ஊர்ந்து போய்க் காம்பைப் பற்றிக்கொண்டு அங்கேயே வளரும். அருங்காட்சியகங்களில் பாட்டிலில் வைத்திருந்த குட்டிகளை ஸ்கேன் செய்து 2018இல் ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. பையில் இருக்கும் ஆரம்ப நாள்களில் அவை மற்ற பைப்பாலூட்டிகளின் குட்டிகள் போலவே இருந்தன. நாயின் உருவம் பின்னால்தான் வந்தது. 

பை ஆணுக்கும் உண்டு. விரைகளைப் பாதுகாக்கும் ஒரு தோல்மடிப்பு. பிள்ளை சுமக்கும் பை பெண்ணுடையதுதான். வளரும் குட்டிகளைச் சுமந்துகொண்டே தாய் வேட்டையாடியும் ஆக வேண்டும். மனிதர் வளர்ப்பில் இந்த இனம் குட்டிபோட்டு வளர்த்தது ஒரே ஒருமுறை, 1899இல் மெல்போர்ன் காட்சிசாலையில்.

‘ஆட்டுத் திருடி’ ஆன கதை

டாஸ்மேனியாவில் ஆங்கிலேயர் ஆட்டுப் பண்ணைகள் வைத்தார்கள். ஆடுகள் செத்தன. தெருநாய்கள், திருட்டு, மோசமான மேய்ச்சல் நிலம், மோசமான நிர்வாகம் என்று காரணங்கள் பல இருந்தன. பழி தைலசீன் மேல் விழுந்தது. வான் டீமன்ஸ் லேண்ட் கம்பெனி 1830லேயே அதன் தலைக்கு விலை வைத்தது. 1886இல் டாஸ்மேனிய நாடாளுமன்றத்தில் அரசே பணம் கொடுக்க வேண்டும் என்று ஜான் லைன் என்ற உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 12, எதிர்ப்பு 11. ஒரே ஒரு வாக்கில் ஒரு இனத்தின் தலைவிதி எழுதப்பட்டது. அந்தத் தீவின் பெண்களுக்கு அப்போது ஓட்டுரிமை கிடையாது. 1903இல்தான் வந்தது.

1888 முதல் 1909 வரை, பெரிய விலங்குக்கு 1 பவுண்டு, குட்டிக்கு 10 ஷில்லிங். மொத்தம் 2,184 முறை பணம் கொடுத்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. பணம் கேட்டு வராத சாவுகள் அதில் இல்லை. தாய் செத்தபின் பால் கிடைக்காமல் செத்த குட்டிகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

பழி எப்படி நிலைத்தது என்பதற்கு ஒரு புகைப்படம் போதும். தைலசீன் ஒன்று வாயில் கோழியைக் கவ்விக்கொண்டு நிற்பது போன்ற படம் 1921இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் இதழில் வந்தது. எடுத்தவர் ஹாரி பர்ரெல். அதன்பிறகு எத்தனையோ இடங்களில் அது அச்சாகி, திருட்டுக்குக் கையும் களவுமான ஆதாரம் ஆனது. 2005இல் கரோல் ஃப்ரீமன் என்ற ஆய்வாளர் அந்தப் படத்தின் நிழல், நிற்கும் விதம், உடம்பின் விறைப்பு எல்லாவற்றையும் அலசினார். அது உயிருள்ள விலங்கே இல்லை, பாடம் செய்த உடலை நிற்க வைத்து எடுத்த படம் என்று வாதிட்டார்.

2011இல் மேரி அட்டார்டும் அவருடைய குழுவினரும் தைலசீனின் மண்டையோட்டைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். பெரிய இரை திமிறும்போது வரும் அழுத்தத்தை அந்தத் தாடை தாங்காது. மரத்தில் வாழும் பாஸம் போன்ற சிறிய விலங்குகள்தான் அதற்கு ஏற்ற இரை என்றார்கள். அதே ஆண்டில் கிறிஸ்டின் ஜானிஸும் போர்ஹா ஃபிகெய்ரிடோவும் முன்னங்கால் மூட்டெலும்பை ஆராய்ந்தார்கள். நெடுந்தூரம் துரத்தும் ஓநாயைப் போல இல்லை, பதுங்கிப் பாயும் விலங்குக்கே அந்த மூட்டு பொருந்துகிறது என்றார்கள். அதுவரை அதன் எடை 29 கிலோவுக்கு மேல் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 2020இல் வந்த ஆய்வு சராசரி எடை சுமார் 17 கிலோதான் என்றது. பெண்ணுக்கு 13.7 கிலோ. நம் தெருவில் படுத்திருக்கும் நாயின் எடை. வளர்ந்த ஆட்டைத் தூக்கிப்போகும் கொடூர மிருகம் என்று இதைத்தான் சொன்னார்கள்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. அதே பேரரசு நம் நீலகிரியிலும் வேட்டைச் சட்டம் போட்டது, 1879இல். மானையும் காட்டெருமையையும் பாதுகாத்தார்கள், தாங்கள் வேட்டையாடுவதற்காக. செந்நாய் அந்த மானைத் தின்கிறது என்று அதன் தலைக்குப் பணம் வைத்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குச் சட்டத்தின் துணை கிடைத்தது. 1970களில் பந்திப்பூர் காட்டில் அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் நம் ஏ.ஜே.டி. ஜான்சிங். செந்நாய்க் கூட்டம் இரையைத் தின்றுவிட்டு வந்து, குகையில் இருக்கும் தாய்க்கும் குட்டிகளுக்கும் கக்கி ஊட்டும் பழக்கம் உடையது. கொடூரம் என்று பெயர் வாங்கிய விலங்கு, பிள்ளை பெற்றவளுக்குச் சோறு கொண்டு வருகிறது. செந்நாய் பல நாடுகளில் பரவியிருந்ததால் தப்பித்தது. தைலசீனுக்கு மிஞ்சியிருந்தது ஒரு தீவு மட்டும். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அது 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே அழிந்துவிட்டிருந்தது.

மேரி ராபர்ட்ஸும் ட்ருகனினியும்

போமாரிஸ் காட்சிசாலையைத் தொடங்கியதே ஒரு பெண்தான். மேரி கிராண்ட் ராபர்ட்ஸ், 1895இல் ஹோபார்ட்டில் தன் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கினார். தைலசீன்களை வளர்த்தார். டாஸ்மேனியன் டெவில் என்ற சிறிய ஊனுண்ணியைக் குட்டிபோட வைத்து, தான் பார்த்ததையெல்லாம் எழுதி 1915இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். எல்லோரும் அருவருத்த அந்த விலங்கு நல்ல தாய் என்று காட்டினார். கல்லூரிப் பட்டம் இல்லாத ஒரு இல்லத்தரசியின் அறிவியல் அது.

கதையை இங்கேயே நிறுத்தினால் நமக்கு இனிப்பாக இருக்கும். ஆனால் அவர் தன் டெவில் ஜோடிக்கு வைத்த பெயர்களையும் சொல்ல வேண்டும். பில்லி, ட்ருகனினி. ட்ருகனினி டாஸ்மேனியப் பூர்வகுடிப் பெண். குடியேறியவர்களின் வன்முறையில் தன் குடும்பத்தையே இழந்தவர். 1876இல் இறந்தார். தன் உடலை வெட்டாமல் புதைக்க வேண்டும் என்று கேட்டவர். அவர் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்து, 1904 முதல் 1947 வரை ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். 1976இல்தான் அவர் சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் எலும்புகள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதே ஊரில், அதே ஆண்டுகளில், இன்னொரு பெண் அவர் பெயரை ஒரு விலங்குக்கு வைத்திருக்கிறார். 

ட்ருகனினியைக் ‘கடைசி டாஸ்மேனியர்’ என்றார்கள். அது பொய். ஃபேனி காக்ரேன் ஸ்மித் என்ற பூர்வகுடிப் பெண் அவருக்குப் பிறகும் வாழ்ந்தார். 1899இலும் 1903இலும் தன் மக்களின் பாடல்களை மெழுகு உருளையில் பாடிப் பதிவு செய்தார். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அந்தத் தீவில் வாழ்கிறார்கள். ‘கடைசி’ என்ற சொல்லை யார் சொல்கிறார்கள், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் நம்பக் கூடாது. உயிரோடு இருக்கும் மக்களை முடிந்துபோனவர்கள் என்று எழுதினால் அவர்களின் நிலத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சாவி யாரிடம்?

மேரி ராபர்ட்ஸ் 1921இல் இறந்தார். காட்சிசாலையை ஹோபார்ட் மாநகராட்சி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்கு மாற்றியது. பொறுப்பாளர் ஆர்தர் ரீட். அவர் மகள் அலிசன் அங்கேயே வளர்ந்து, அங்கேயே வேலை கற்று, விலங்குகளோடு இருந்தார். 1935 டிசம்பரில் அப்பா இறந்தார். அந்த வேலையை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் மகள். ஆனால் மாநகராட்சி அவரைப் பொறுப்பாளராக நியமிக்கவில்லை. சம்பளமும் இல்லை. வளாகத்து வீட்டில் வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம், பதிலுக்கு வேலை பார்க்க வேண்டும். 

பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. நிவாரண வேலைக்கு வந்தவர்களை விலங்குகளைப் பார்க்க விட்டார்கள். பிறகு அலிசனிடம் இருந்த சாவிகளையும் வாங்கிக்கொண்டார்கள். மாலையில் விலங்குகளை உள்ளறைக்குள் விட்டுப் பூட்டும் வேலை சரியாக நடக்கவில்லை. ஹோபார்ட்டின் குளிர் இரவுகளில் அவை வெளியே கிடந்தன. வீட்டுக்குள் படுத்திருந்த அலிசனுக்கு அவற்றின் கதறல் கேட்டது. எழுந்து போய்த் திறந்துவிட அவரிடம் சாவி இல்லை. முதுமையில் இதையெல்லாம் அவர் ராபர்ட் பேடில் என்ற ஆய்வாளரிடம் சொன்னார்.

1936 ஜூலை 10 அன்று தைலசீனுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 59 நாள் கழித்துக் கடைசி விலங்கு செத்தது. சட்டப் புத்தகத்தில் பாதுகாப்பு இருந்தது, கூண்டுக் கதவைத் திறக்க வேண்டியவர் கையில் சாவி இல்லை. 1937இல் காட்சிசாலையும் மூடப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா நினைவு வந்தது. அம்மா எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருஷம் ஃபினிஷிங் வேலை பார்த்தவர். அச்சிலிருந்து வரும் பச்சைப் பொம்மையில் இரண்டு பாதி சேரும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதைச் சிறு கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த இடமே தெரியாமல் செய்ய வேண்டும். வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அந்த அளவுக்குச் செய்த கையின் தடம் தெரியாது. சூளையிலிருந்து வந்த பொம்மையை விரலால் தட்டி, சத்தத்தைக் கேட்டே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அப்பா அதே பட்டறையில் சூளை அடுக்குபவர். கூலி இருவருக்கும் சேர்த்து அப்பா பெயரில் எழுதப்பட்டது. அம்மா பெயர் எந்த நோட்டிலும் இல்லை. அந்தப் பட்டறையின் வரலாற்றை யாராவது கணக்கு நோட்டை வைத்து எழுதினால், அங்கே அம்மா வேலை பார்க்கவே இல்லை என்றுதான் எழுதுவார்கள். 

சம்பளம் கொடுத்தால் பெயர் எழுத வேண்டும். பெயர் எழுதாத வேலைக்கு வேலை என்று பெயர் வராது, உதவி என்று ஆகிவிடும். உதவி செய்பவரிடமிருந்து சாவியை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அலிசனுக்கு நடந்தது இதுதான். கூண்டில் இருந்த விலங்குக்கும் அதன் விளைவு போய்ச் சேர்ந்தது.

அலமாரியில் 85 ஆண்டுகள்

செத்த விலங்கின் உடல் ஹோபார்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆனால் பதிவேட்டில் முறையாக ஏறவில்லை. உடலைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றே பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1933இல் டேவிட் ஃப்ளே எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் கூண்டுக்குள் நடக்கும் தைலசீன்தான் கடைசி விலங்கு என்றும் நம்பினார்கள்.

பேடிலும், அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்த கேத்ரின் மெட்லாக்கும் பழைய காகிதங்களைத் தேடினார்கள். அருங்காட்சியகத்தில் உடல்களைப் பாடம் செய்பவர் 1936–37க்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு தைலசீன் இருந்தது. அந்த நூலைப் பிடித்துப் போனார்கள். எலியாஸ் சர்ச்சில் என்ற வேட்டைக்காரர் அந்தப் பெண் விலங்கைக் கண்ணிவைத்துப் பிடித்து 1936 மே மாதத்தில் காட்சிசாலைக்கு விற்றிருக்கிறார். அப்படிக் கண்ணிவைப்பது சட்ட விரோதம் என்பதால் விற்பனையைக் காட்சிசாலை பதிவு செய்யவில்லை. செத்தபின் தோலைப் பதனிட்டு, எலும்புகளைப் பிரித்து ஐந்து அட்டைகளில் பொருத்தி, பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறார்கள். கடைசி உயிர் என்று தெரியாமலே பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிறகு அது அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவு அலமாரியில் இருந்தது. தொலைந்து போகவில்லை. எழுதப்படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியா செப்டம்பர் 7ஆம் தேதியை அழிவுநிலை உயிரினங்களின் நாளாக 1996 முதல் கடைப்பிடிக்கிறது. இப்போது தைலசீனைத் திரும்பக் கொண்டுவரப் போகிறோம் என்று ஒரு அமெரிக்க நிறுவனமும் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வகமும் 2022 முதல் வேலை பார்க்கின்றன. டன்னார்ட் என்ற எலி அளவுப் பைப்பாலூட்டியின் உயிரணுவில் மரபணுவை மாற்றி எழுதி, அந்தச் சிறிய இனத்தின் பெண்ணையே வாடகைத் தாயாக்கலாம் என்பது அவர்கள் யோசனை. பைப்பாலூட்டிகள் அரிசி மணி அளவில் பிறப்பதால் அது முடியும் என்கிறார்கள். பிறந்த பிறகு பையும் பாலும் அரவணைப்பும் யார் கொடுப்பார்கள் என்பதற்குத் தொழில்நுட்பம் இனிமேல்தான் பதில் தேட வேண்டும். பிறப்பிப்பது சாதனையாக எழுதப்படுகிறது. வளர்ப்பது இன்னும் யாரோ ஒருத்தியின் பொறுப்பாகவே மனசில் இருக்கிறது.

பழைய ஆவணங்களைத் தேடிப்போகும் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். சட்டம் எப்போது வந்தது, தொகை எவ்வளவு, சுட்டவன் யார் என்பதெல்லாம் சுலபமாகக் கிடைக்கும். அவற்றோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். தீனி போட்டது யார்? அவருக்குச் சம்பளம் கொடுத்தார்களா? சாவி யாரிடம் இருந்தது? அலிசன் ரீட் சொன்னதை ஒரு பெண்ணின் மனக்குறையாகப் பார்க்காமல் சாட்சியமாகப் பார்த்திருந்தால், அந்த விலங்கு எப்படிச் செத்தது என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். பெஞ்சமின் என்றொரு ஆண் பிறந்திருக்கவே மாட்டான்.